லாரி டிரைவர் வேலை: எந்த லைனில் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 27. ஹெவி லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது உள்ளூரில் டிப்பர் ஓட்டி மாதம் 30,000 ரூபாய் வாங்குகிறார். வடநாட்டு லைனுக்கு வந்தால் ஐம்பதாயிரம் என்று ஒருவர் கூப்பிடுகிறார். டேங்கரா, ட்ரெய்லரா, துபாயா, சொந்த வண்டியா என்ற குழப்பமும் கூடவே இருக்கிறது. எதற்குப் போகலாம்?

அந்த ஐம்பதாயிரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போவோம். கீழே வரும் வாடகை, சாப்பாடு, சம்பள எண்கள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர், உங்கள் முதலாளி கொடுக்கும் எண்களை அதில் போட்டுப் பாருங்கள்.

டிப்பரில் 26 நாள், நாளுக்கு 11 மணி நேரம் என்றால் மாதம் 286 மணி நேரம். மதியச் சாப்பாடும் டீயும் நாளுக்கு 150 ரூபாய் வீதம் 3,900 போகட்டும். கையில் நிற்பது 26,100. மணிக்கு 91 ரூபாய். இரவு வீட்டில் படுக்கை.

வடநாட்டு லைனில் 50,000. மூன்று வேளைச் சாப்பாடு, குளியல், கட்டணக் கழிப்பறை, போன் எல்லாம் சேர்த்து நாளுக்கு 400 ரூபாய் வீதம் 26 நாளுக்கு 10,400. டீசல் குறைவு, சரக்குச் சேதம் என்று கணக்கு முடிக்கும்போது பிடிப்பது ஒரு 3,000. மிச்சம் 36,600. ஸ்டீயரிங்கில் 10 மணி நேரம், லோடு ஏற்ற இறக்கக் காத்திருப்பது, தார்ப்பாய் போடுவது, எடைமேடை, வண்டியைக் காவல் காப்பது என்று இன்னொரு 5 மணி நேரம். ஆக 390 மணி நேரம், மணிக்கு 94 ரூபாய். மாதம் இருபதாயிரம் அதிகம் என்று சொல்லப்பட்ட வேலையில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது மூன்று ரூபாய் கூடுதல். அதனால் அந்த வேலை மோசம் என்று சொல்லவில்லை. மொத்தமாகப் பார்த்தால் மாதம் பத்தாயிரம் கூடுதலாகத்தான் மிஞ்சுகிறது. கடன் அடைக்க வேண்டியவருக்கு அது பெரிய தொகை. ஆனால் அந்தப் பத்தாயிரம் உங்கள் நூறு மணி நேரத்தின் விலை என்பது தெரிந்து போக வேண்டும்.

சம்பளம் எந்த முறையில் என்பதை முதலில் கேளுங்கள்

தொகையைவிட முறை முக்கியம். வண்டி நின்றால் யாருக்கு நஷ்டம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

மாதச் சம்பளமும் தனியாகப் பேட்டாவும் (வழிச் செலவுக்கான படி) என்றால், வண்டி எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) நின்றாலும் கிடங்கு வாசலில் நின்றாலும் உங்கள் சம்பளம் ஓடும். கம்பெனி வண்டிகள், எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்த டேங்கர்கள், ரெடிமிக்ஸ் (தயார் கான்கிரீட்) ஆலைகள் பெரும்பாலும் இந்த வழியில் போகின்றன.

நடைக்கு இவ்வளவு என்றால் நாட்களை எண்ணிப் பேச வேண்டும். போய்த் திரும்பும் ஒரு நடைக்கு 18,000 ரூபாய் பேசியிருக்கிறீர்கள். 12 நாளில் முடிந்தால் நாளுக்கு 1,500. ரிட்டர்ன் லோடு (திரும்பும்போது ஏற்றிவரும் சரக்கு) கிடைக்காமல் ஆபீஸ் வாசலில் நான்கு நாள் கிடந்தால் அதே நடை 16 நாள் ஆகி, நாளுக்கு 1,125 ஆகிவிடுகிறது. ரிட்டர்ன் லோடு பிடிப்பது உங்கள் கையில் இல்லை. அது முதலாளியின், புக்கிங் ஏஜென்டின் வேலை. அவர்களுடைய தாமதத்துக்கு உங்கள் கூலி ஏன் குறைய வேண்டும்? முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு நாளுக்கு இவ்வளவு ஹால்டிங் (காத்திருப்புக் கூலி) என்று வண்டி எடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். சரக்குக்காரரிடம் முதலாளி ஹால்டிங் வாங்குகிறார் என்றால் அதில் ஒரு பங்கு டிரைவருக்கு வருவதுதான் நியாயம். ஆனால் கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

வாடகையில் சதவீதம் என்பது பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். சீசனில் வாடகை ஏறும்போது நல்ல காசு. சீசன் முடிந்து வாடகை விழும்போது, அதே சாலை, அதே தூக்கமின்மை, கூலி மட்டும் குறைவு. இன்னொரு சிக்கல், உண்மையான வாடகை என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் போவது. கமிஷன் கழித்ததற்குச் சதவீதமா, கழிக்காததற்கா? டீசல், டோல் போக மிஞ்சியதற்கா, மொத்தத்துக்கா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் 'பத்து சதவீதம்' என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற முறை பார்சல், கூரியர் லைன்களில் உண்டு. நேர் சாலை, நிற்காத வண்டி என்றால் இதுவே சிறந்தது. மலைப்பாதையும் நகர நெரிசலும் உள்ள தடத்தில் இதே முறை டிரைவரைக் கடித்துவிடும்.

டீசல் கணக்கு எல்லா முறைகளுக்கும் பொது. 'லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் வரணும், மிச்சம் உனக்கு, குறைஞ்சா உன் கணக்கு' என்பார்கள். அந்த நாலு எந்த எடைக்கு, எந்தப் பாதைக்கு? காலி வண்டிக்கும் முழு லோடுக்கும் ஒரே மைலேஜ் நிர்ணயித்திருந்தால் மாதா மாதம் பிடித்தம்தான். டயர் காற்று குறைவு, அடைபட்ட ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் சக்கரம், கசியும் டர்போ ஹோஸ், இவையெல்லாம் மைலேஜைத் தின்னும். எதுவும் டிரைவரின் குற்றமல்ல. வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு நடை முழு டேங்கில் தொடங்கி முழு டேங்கில் முடித்து, ஓடோமீட்டரையும் பில்லையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேச உங்களிடம் ஒரு அளவு இருக்கும்.

பேட்டா எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று காகிதத்தில் பிரிப்பது ஏன் முக்கியம்

இதைப் பலரும் கவனிப்பதில்லை. முப்பதாயிரம் கையில் வருகிறது, ஆனால் ரெஜிஸ்டரில் சம்பளம் 8,000, மிச்சமெல்லாம் பேட்டா என்று எழுதியிருக்கும். சாதாரண நாளில் வித்தியாசம் தெரியாது. விபத்து நடந்தால் தெரியும். பணியின்போது உயிரிழக்கும் தொழிலாளிக்கான இழப்பீட்டுச் சூத்திரம், மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்குவது. கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதுக்குக் காரணி 207.98. சம்பளம் 15,000 அல்லது அதற்கு மேல் என்று ஆவணம் இருந்தால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். 8,000 என்று மட்டும் இருந்தால் 8,31,920. பேட்டாவையும் சம்பளமாகச் சேர்க்க வேண்டும் என்று வழக்காடித்தான் மிச்சத்தைப் பெற வேண்டியிருக்கும்.

பி.எஃப். இதே கதைதான். அடிப்படைச் சம்பளத்தில் உங்களிடம் 12, முதலாளியிடம் 12 சதவீதம். இ.எஸ்.ஐ. உங்களிடம் 0.75, முதலாளியிடம் 3.25 சதவீதம், சம்பள வரம்பு 21,000. இருபது பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்குப் பி.எஃப். கட்டாயமில்லை, பத்துப் பேருக்குக் குறைவென்றால் இ.எஸ்.ஐ.யும் இல்லை. நம் ஊர் லாரித் தொழிலில் இரண்டு வண்டி, மூன்று வண்டிக்காரர்களே அதிகம் என்பதால் பெரும்பாலான டிரைவர்களுக்கு இரண்டுமே இருப்பதில்லை. கம்பெனி வேலையில் சம்பளம் ஐந்தாயிரம் குறைவாகத் தெரிந்தாலும், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் சமமாகிவிடும்.

ஒவ்வொரு லைனும்

சின்ன வண்டிகளில் தொடங்குபவர்களுக்கு ஒரு தகவல்: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசன்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. அதனால் அந்த அளவு வண்டிகளுக்கு ஆள் அதிகம், கூலி குறைவு. ஹெவி கையில் இருக்கும்போது அங்கே நிற்க வேண்டியதில்லை.

டிப்பரில் நடை எண்ணிக்கைதான் காசு. அதனாலேயே வேகமும் அதிக பாரமும் கூடவே வருகின்றன. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதோடு ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. ஐந்து டன் அதிகம் என்றால் 30,000. உங்கள் ஒரு மாதச் சம்பளம். 'நான் கட்டிக்கிறேன்' என்று முதலாளி வாயால் சொல்வதும், கட்டுவதும் வேறு வேறு. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து நடைச்சீட்டு, அதாவது கனிமத்தை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு. கல், மண், எம்-சாண்ட் எதுவானாலும் செல்லுபடியாகும் சீட்டு இல்லாமல் ஓட்டினால் வண்டி பறிமுதல், டிரைவர் மேல் கனிமவளச் சட்டத்தில் வழக்கு. முதலாளி ஊரில் இருப்பார், எஃப்.ஐ.ஆரில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும். சீட்டில் உள்ள வண்டி எண், நேரம், அளவு மூன்றையும் குவாரி வாசலிலேயே படித்துவிட்டு வண்டியை எடுங்கள்.

ரெடிமிக்ஸ் லாரி டிப்பரைவிட ஒரு படி மேல். பெரும்பாலும் மாதச் சம்பளம், ஓவர்டைம் கணக்கு, தூரம் குறைவு. கலவை தயாரானதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதனால் நெரிசலில் மாட்டினால் பதற்றம். தூரம் குறைவு என்றாலும் இரவு வார்ப்பு சாதாரணம். டிரம்மைச் சரியாகக் கழுவாமல் விட்டால் உள்ளே காரை இறுகி, பிறகு உளி வைத்து உடைக்க வேண்டும். டிரம் நிறைந்திருக்கும்போது எடை மேலே இருக்கும், சுற்றிக்கொண்டும் இருக்கும். வளைவில் டிப்பர் போல ஒடித்தால் கவிழும்.

மார்க்கெட் லோடு (நிலையான ஒப்பந்தம் இல்லாமல் அவ்வப்போது பிடிக்கும் சரக்கு) ஓட்டும் டாரஸ் எனப்படும் பத்துச் சக்கர லாரி, பன்னிரண்டு சக்கரம், பதினாலு சக்கரம்: சங்ககிரி, நாமக்கல் பக்கத்தில் லாரித் தொழில் என்றாலே இதுதான். வேலை எளிதில் கிடைக்கும், மொழி பழகும், நாடு தெரியும். வருமானம் முழுக்க முதலாளியின் லோடு பிடிக்கும் திறமையைப் பொறுத்தது. நேஷனல் பர்மிட் (நாடு முழுக்க ஓட்டும் அனுமதி) வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதி 2018-இல் எடுக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒற்றை டிரைவரை வைத்து ஓட்டுவது சட்டப்படியே சாத்தியம். 2,000 கிலோமீட்டர் தடத்துக்குத் தனி ஆளாக, கிளீனரும் இல்லாமல் அனுப்பினால் சம்பளம் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரையறுத்தது. நெடுஞ்சாலையில் அதை மதிப்பவர் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

பார்சல், இ-காமர்ஸ் லைன்ஹால் (கிடங்குக்குக் கிடங்கு ஓடும்) வண்டிகளில் தடமும் நேரமும் நிலையானவை. ஏற்றி இறக்க டிரைவர் நிற்க வேண்டியதில்லை. சீல் போட்ட வண்டியை எடுத்து, சீல் உடையாமல் சேர்க்க வேண்டும். தாமதத்துக்கு ஒப்பந்தக்காரருக்கு அபராதம் விழும். அதை அவர் உங்கள் தலையில் இறக்குகிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. வேலை முழுக்க இரவில். உடம்பு இரவு ஓட்டத்துக்கு ஒத்துவராதவர்கள் இதைத் தொடக்கூடாது.

கார் கேரியருக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் எப்போதும் ஆள் தேவை. நீளமான வண்டி, உயரக் கணக்கு, மேல் அடுக்கில் காரை ஏற்றிக் கட்டும் பொறுமை. கூலி நன்றாக இருக்கும், ஆனால் ஒரு கீறல் அந்த நடையின் லாபத்தைத் தின்றுவிடும். ஏற்றும்போதே ஒவ்வொரு காரையும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, இருக்கும் கீறலை டெலிவரி சீட்டில் எழுதி வாங்காமல் கிளம்பினால் பழி உங்கள் மேல்.

துறைமுகக் கண்டெய்னர் ட்ரெய்லர் வேலையில் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடி என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடலாம். இங்கே எதிரி வரிசை. பெட்டிக்கு இவ்வளவு என்று பேசியவருக்கு, கேட்டில் நிற்கும் நேரமெல்லாம் இலவச வேலை. பெட்டி கணக்குக்குப் போகாமல் மாதச் சம்பளம் பேசுவது இந்த லைனில் புத்திசாலித்தனம். பெட்டி ஏறியதும் நான்கு மூலையிலும் ட்விஸ்ட் லாக் பூட்டியிருக்கிறதா என்று இறங்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பூட்டாத பெட்டி வளைவில் தனியாகச் சரியும்.

காற்றாலை இறக்கை, ட்ரான்ஸ்ஃபார்மர் போன்ற பெருஞ்சரக்கு இழுக்கும் ஹைட்ராலிக் ஆக்சில் வேலை இந்தத் தொழிலின் உச்சி. மெதுவான வேலை. சாதாரணச் சரக்குக்கு இ-வே பில்லில் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்று கணக்கிடும் அரசே, இந்தச் சரக்குக்கு நாளைக்கு 20 கிலோமீட்டர் என்றுதான் கணக்கிடுகிறது. ஆள் குறைவு, கூலி அதிகம். ஆனால் ட்ரெய்லரில் பல வருடம் ரிவர்ஸ் பழகாமல் யாரும் சாவியைத் தரமாட்டார்கள். உதவியாளாகச் சேர்ந்து ஸ்டீயரிங் பிடிக்கும் வழி மட்டும்தான் உண்டு.

போர்வெல் ரிக் என்றால் திருச்செங்கோடு. மாதக்கணக்கில் வெளிமாநிலம், மொத்தமாகக் கையில் பணம், மழைக்காலத்தில் வேலை குறைவு. டிரைவரும் குழாய் தூக்கத்தான் வேண்டும். இளவயதில் இரண்டு வருடம் போய்ச் சேமித்துவிட்டு வருபவர்கள் உண்டு. குடும்பஸ்தருக்கு நீண்டகாலத் தொழிலாக இதைச் சொல்ல மனம் வரவில்லை.

டேங்கரைத் தனியாகச் சொல்ல வேண்டும்

கேட்டவரின் வயதுக்கும் அனுபவத்துக்கும் நான் முதலில் காட்டும் வழி இதுதான். காரணம், இங்கே சம்பளம் உயர்வதற்கு ஒரு சான்றிதழ் காரணமாக இருக்கிறது. சான்றிதழ் இல்லாதவர் உங்களோடு போட்டிக்கு வர முடியாது.

பெட்ரோல், டீசல், எல்.பி.ஜி., அமிலம் போன்ற அபாயகரமான சரக்கை ஓட்ட, டிரான்ஸ்போர்ட் லைசன்ஸோடு மத்திய மோட்டார் வாகன விதி 9-இன்படி மூன்று நாள் பயிற்சிச் சான்று வேண்டும். ஆங்கிலமும், அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு இந்திய மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஹசார்டஸ் என்று லைசன்ஸில் பதிந்த பிறகு, அந்த லைசன்ஸ் மூன்று வருடம் செல்லும். புதுப்பிக்கும்போது ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சி. சாதாரண ஹெவிக்கு ஐந்து வருடம். பதிவு காலாவதியான நிலையில் ஓட்டி விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கப் போகும். முதலாளி உங்கள் பக்கம் திரும்புவார்.

எல்.பி.ஜி. புல்லட் டேங்கர்களுக்கு நாமக்கல்தான் தலைநகரம். தென்மண்டல உரிமையாளர் சங்கமே அங்கிருந்துதான் இயங்குகிறது. எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தம் என்பதால் தடம் நிலையானது, ரிட்டர்ன் லோடு தேடும் கவலை இல்லை, திரும்பும் காலி ஓட்டமும் வாடகையில் அடங்கிவிடும். வரிசை இங்கும் உண்டு: பாட்டிலிங் ஆலை வாசலில் இரண்டு நாள் நிற்பது சகஜம். ஆகவே நடைக்கூலி பேசினால் இங்கும் ஹால்டிங்கைச் சேர்த்துப் பேச வேண்டும்.

வேலையின் ஆபத்து எதில் என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்.பி.ஜி. டேங்கரை முழுவதும் நிரப்பமாட்டார்கள். வெப்பத்தில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் 85 சதவீதத்தோடு நிறுத்துவார்கள். ஆக உள்ளே எப்போதும் அலை அடிக்கும். பிரேக் போட்டு வண்டி நின்ற பிறகு, திரவம் முன்னால் வந்து மோதி வண்டியை இன்னொரு முறை தள்ளும். வளைவில் பக்கவாட்டில் சாயும். பால் டேங்கரில் இது இன்னும் மோசம். பாதி நிரம்பிய டேங்க்தான் முழு டேங்கைவிட எளிதில் கவிழும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கைத் தொடாமல் போவதுதான் டேங்கர் ஓட்டுதலின் அரிச்சுவடி. கண்ட இடத்தில் நிறுத்திப் படுக்க முடியாது, வண்டிப் பக்கம் அடுப்பு பற்றவைக்க முடியாது, கேபினில் அவசரகாலத் தகவல் அட்டை இருக்க வேண்டும், டேங்கின் மேல் எழுதிய எண்ணும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டீசல் டேங்கரில் அளவுக் குறைவு என்ற தலைவலி தனி. வெப்பநிலை மாறினாலே அளவு மாறும். டிப்போவில் ஏற்றும்போதும் பங்கில் இறக்கும்போதும் அளவுகோல் குச்சி, வெப்பநிலை, அடர்த்தி மூன்றும் எழுதிய சீட்டில் கையெழுத்து இல்லையென்றால் குறைவு டிரைவர் கணக்கில்தான் ஏறும்.

சொந்த வண்டி

'எவ்வளவு நாள்தான் அடுத்தவன் வண்டியை ஓட்டுவது' என்ற ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு பத்துச் சக்கர வண்டிக்குக் கணக்குப் போடுவோம்.

கடன் 30 லட்சம், 11 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாத டியூ 65,200 ரூபாய். மாதம் 7,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வையுங்கள். டீசல் லிட்டர் 92, மைலேஜ் 4 என்றால் கிலோமீட்டருக்கு 23. டோல் 4. டயர் ஒன்று 22,000, பத்து டயர், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆயுள் என்றால் 2.20. பி.எஸ்.6 வண்டிக்கு யூரியாக் கரைசல் 0.75. ஆயில், சர்வீஸ், பஞ்சர் 1.50. கூட்டினால் கிலோமீட்டருக்கு 31.45; மாதம் சுமார் 2,20,000. இன்சூரன்ஸ் மாதத்துக்கு 6,250 என்று வைத்திருக்கிறேன். 2022-இல் அறிவித்த கட்டணத்தில் 20 முதல் 40 டன் வரையிலான வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 43,950. வண்டிக்கான காப்பீடு அதற்கு மேல். காலாண்டு வரி, ஆண்டுக்கு 16,500 ரூபாய் நேஷனல் பர்மிட், எஃப்.சி. செலவு சேர்த்து மாதம் 3,500.

வரவு? 7,000-இல் 5,500 கிலோமீட்டர் லோடோடு ஓடி, கிலோமீட்டருக்கு 62 ரூபாய் கிடைத்தால் 3,41,000. மேலே சொன்ன செலவெல்லாம் போக 46,000 நிற்கும். புக்கிங் கமிஷன், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, மாமூல் என்று 15,000 போனால் கையில் 31,000. நீங்களே ஓட்டினால்தான் இதுவும். ஆள் போட்டால் ஒன்றும் இல்லை. இதில் லோடு கிலோமீட்டர் 500 குறைந்தால், அதாவது மாதத்தில் ஒரே ஒரு ரிட்டர்ன் லோடு தவறினால், வரவில் 31,000 போய்விடும். அந்த மாதம் நீங்கள் சும்மா ஓட்டியிருக்கிறீர்கள்.

வாடகைப் பணம் கைக்கு வருவதும் தாமதம். அட்வான்ஸ் போக மிச்சத்தை, டெலிவரிச் சீட்டு வந்த பிறகு முப்பது நாள், அறுபது நாள் கழித்துத் தருவார்கள். டியூ தேதி காத்திருக்காது. மூன்று மாத டியூவும் ஒரு செட் டயருக்கான பணமும் வங்கியில் இல்லாமல் வண்டி எடுப்பவர்கள்தான் இரண்டாம் வருடம் வண்டியைப் பறிகொடுப்பவர்கள். முதல் தவணைக்கு மட்டும் காசு சேர்த்துவிட்டு ஷோரூமுக்குப் போகாதீர்கள். நிலையான ஒப்பந்தம் ஒன்று, ஒரு ஆலையோ ஒரு ஏற்றுமதியாளரோ, எழுத்தில் இருந்தால் கணக்கு மாறும். டியூ முடிந்த ஆறாம் வருடத்திலிருந்துதான் சொந்த வண்டி உண்மையில் சம்பாதிக்கிறது. ஆனால் நேஷனல் பர்மிட்டுக்கு வண்டியின் வயது வரம்பு 12 வருடம், மல்டி ஆக்சிலுக்கு (இரண்டு அச்சுக்கு மேல் உள்ள வண்டி) 15. எட்டு வருடத்துக்குப் பிறகு எஃப்.சி. ஆண்டுதோறும். சம்பாதிக்கும் காலம் எவ்வளவு என்பதை இந்த இரண்டு எண்களை வைத்துப் பாருங்கள்.

வளைகுடா

ட்ரெய்லர் டிரைவருக்குச் சம்பளம் நம் ஊரைவிட அதிகம்தான். பேசப்படும் தொகையில் எது அடிப்படை, எது ட்ரிப் அலவன்ஸ் என்று பிரித்துக் கேளுங்கள். பணிமுடிவுப் பணம் அடிப்படையில் மட்டும் கணக்கிடுவார்கள். தங்குமிடம் இலவசமா, சாப்பாடு யாருடையது, அங்கே ஹெவி லைசன்ஸ் எடுக்கும் செலவு யாருடையது, அது கிடைக்கும் வரை சம்பளம் உண்டா? லைசன்ஸுக்காகப் பல மாதம் அரைச் சம்பளத்தில் ஹெல்பராக நிறுத்திவைப்பது அடிக்கடி நடக்கிறது.

பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 35,400. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கேட்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். முகவரின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று இருக்கும். அவர்கள் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, காப்பீட்டுத் தொகை 10 லட்சம். விசிட் விசாவில் போய் வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சேரும் முன்

முன்பணம் வாங்காதீர்கள். இருபதாயிரம் முன்பணம், அதற்கு ஈடாக ஒரிஜினல் லைசன்ஸ் முதலாளி பீரோவில் என்றால், சம்பளம் பிடிக்காவிட்டாலும் நகர முடியாது. இ-சலான் வண்டி எண்ணுக்கு வரும். வேகத்துக்கு வந்தால் உங்களுடையது, பர்மிட், எஃப்.சி., எடைக்கு வந்தால் முதலாளியுடையது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். விபத்தானால் ஜாமீன், வக்கீல் செலவு யார், வழக்கு நடக்கும் காலத்தில் கோர்ட்டுக்கு வரும் நாளுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் அப்போதே.

உங்கள் வயதுக்கு வரிசை இப்படி இருக்கலாம்: டிப்பரில் இருந்துகொண்டே ஹசார்டஸ் பயிற்சி முடித்துப் பதிவு செய்யுங்கள். டேங்கரில் மாதச் சம்பளம், பி.எஃப். உள்ள இடத்தில் மூன்று வருடம். அதன் பிறகு ட்ரெய்லரா வளைகுடாவா என்று யோசிக்கலாம். அரசுப் பஸ் மேல் ஆசை இருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றும் கண்டக்டர் லைசன்ஸும் இப்போதே எடுத்து வையுங்கள்; அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் தேதி தாண்டிவிடும். நாற்பதுக்கு மேல் ஸ்டீயரிங்கை விட நினைப்பவருக்குப் பயிற்சியாளர் வேலை உண்டு: பத்தாம் வகுப்பு, ஐந்து வருட ஓட்டு அனுபவம், மோட்டார் மெக்கானிக் சான்றிதழ் கேட்பார்கள்.

லைசன்ஸ் முடியும் தேதியை மறக்காதீர்கள். முன்பு முடிந்த பிறகும் முப்பது நாள் செல்லும் என்ற சலுகை இருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டினால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும்.